பதினொன்றுக்குப் பதினொன்று

“மறுபடியும் மைனஸ் ஏழா?”

“ஏழு.”

“நல்லாப் பாத்தியா?”

“யோவ் லோரிஸ், நம்பர் என் மூஞ்சிக்கு நேரா எரியுது. இதுல நல்லாப் பாக்க என்ன இருக்கு? ஏழுன்னா ஏழு.”

லோரிஸ் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் இத்தாலியில் கார்னிவல் பண்டிகைக்குப் பொரிக்கிற கலானி, அப்பளம் மாதிரி மெல்லிசாக, மேலே மாவுச் சர்க்கரையை அள்ளிக் கொட்டி. சோதனை அறைக்குள் தின்பண்டம் வரக்கூடாது என்று நீவெஸ் போட்ட சட்டம் அந்தக் கதவிலேயே சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறது. அதனால் பெட்டி வாசலுக்கு வெளியே, அவன் வாய் வாசலுக்கு உள்ளே.

“பதினாறாம் நம்பரும் போச்சு,” என்றான், மென்றுகொண்டே. “அது ரொம்ப நல்ல பையன். உலையிலேர்ந்து எடுக்கும்போதே சிரிச்சான்.”

“இப்ப ஊளையிடறான். வந்து கேளு.”

நீவெஸ் நெற்றியை மேசையில் முட்டிக்கொண்டாள். மெதுவாகத்தான். கருவி அதிரக்கூடாதே.

பக்கத்துக் கூடத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஓர் எஃகுத் தொட்டி நிற்கிறது. மார்ச் இருபதாம் தேதி அதில் திரவ ஆர்கானை நிரப்ப வேண்டும், மைனஸ் நூற்றெண்பத்தாறு டிகிரி. எங்கிருந்தோ வரும் நியூட்ரினோத் துகள் எப்போதாவது ஒன்று அதில் மோதினால் துளி மின்சாரம் கிளம்பும். உள்ளே கட்டியிருக்கும் கம்பிகள் அதைப் பிடித்து வெளியே அனுப்பும். வெளியே வர ஒரு வழி வேண்டுமல்லவா, அதற்குத்தான் தட்டு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எஃகு, அதில் வரிசையாக அறுபத்து நான்கு பீங்கான் குமிழ்கள், ஒவ்வொரு குமிழின் நடுவிலும் ஓர் ஊசி. காகிதங்களில் இதற்குப் பெயர் கிரையோஜெனிக் ஃபீட்த்ரூ. பட்டறையில் வெறும் தட்டு. அதன் வழியே மின்சாரம் போகலாம், காற்று போகக்கூடாது. மூச்சளவு ஆக்சிஜன் உள்ளே போனாலும் அந்தத் துளி மின்சாரத்தை விழுங்கிவிடும். அப்புறம் அத்தனை பெரிய தொட்டியும் குருடு.

பீங்கானையும் எஃகையும் எண்ணூறு டிகிரி உலையில் பற்றவைப்பது லோரிஸின் வேலை. அதைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து, காயவைத்து, கசிகிறதா என்று பார்ப்பது நீவெஸின் வேலை. ஒரு பக்கத்துக் காற்றையெல்லாம் பம்ப் உறிஞ்சிவிடும். மறுபக்கம் ஊசிமுனைக் குழாயால் ஹீலியம் பீச்ச வேண்டும். மயிரிழை வழி இருந்தாலும் ஹீலியம் நுழைந்துவிடும், கருவி மோப்பம் பிடித்து நம்பர் காட்டிவிடும். நம்பர் பத்தின் அடுக்கு: மைனஸில் ஒரு படி கூடினால் கசிவு பத்தில் ஒரு பங்கு. லோரிஸ் அந்தக் கருவியை மோப்பநாய் என்றுதான் கூப்பிடுவான். மோப்பநாய் மைனஸ் பத்து காட்டினால் பாஸ்: ஊறின கொண்டைக்கடலை அளவு காற்று உள்ளே போக முந்நூறு வருஷம் ஆகும். மைனஸ் ஏழு காட்டினால் அதே கடலை நாலே மாசத்தில் உள்ளே.

அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பதினொரு தட்டுகள் முடிந்தன. பதினொன்றும் மைனஸ் பத்து. பதினொன்றுக்குப் பதினொன்று! நீவெஸ் அதை பாரில் சொன்னாள், அம்மாவிடம் சொன்னாள், பல் டாக்டரிடம்கூட வாயில் பஞ்சோடு சொன்னாள். அந்தப் பதினொன்றும் இப்போது தொட்டியின் தலையில் முடுக்கி, கம்பி கோத்து, ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. ஜனவரியில்தான் சனி பிடித்தது. பன்னிரண்டு ஃபெயில். பதின்மூன்று பாஸ். பதினாலு ஃபெயில். பதினைந்து ஃபெயில். இன்றைக்குப் பதினாறு.

“முக்குறதுக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு?” என்றான் லோரிஸ்.

“பத்து. எல்லாமே முக்குறதுக்கு முன்னாடி பத்துதான். முக்கி, காயவெச்சு, மாட்டினா ஏழு.”

“அப்ப உன் நைட்ரஜன்தான் என் புள்ளைங்கள கொல்லுது.”

“உன் புள்ளைங்க எதையும் தாங்காத சோப்ளாங்கிங்க.”

“முதல் பதினொண்ணும் தாங்குச்சே. அதே கை. அதே உலை. அதே அந்தோணியார்.”

உலையின் கதவில் பதுவை அந்தோணியார் படம் ஒன்று காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் கசிவைக் கண்டுபிடித்துக் கொடுக்க மாட்டாரா என்பது லோரிஸின் வாதம். ஜனவரியிலிருந்து அவர் லீவில் இருப்பதாக நீவெஸின் வாதம்.

அதே நேரம் பார்த்து ஒர்னெல்லா ப்ரெஸ்ஸான் உள்ளே வந்தார். கோட்டெல்லாம் மூடுபனி ஈரம். இந்தப் பரிசோதனைக்குத் தலைவர் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார், நம்பர் தெரிந்ததும் துடைப்பதை நிறுத்தினார்.

“பதினாறா?”

“பதினாறு.”

“சரி. பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல என்ன மாறுச்சு? இதத்தான் ஆறு வாரமா கேட்டுக்கிட்டிருக்கேன்.”

பதில் ஏற்கெனவே வெள்ளைப்பலகையில் நீவெஸின் கையெழுத்தில் இருந்தது. பீங்கான்: அதே சரக்கு. பற்றுக்கம்பி: டிசம்பரில் புதுச் சுருள். சூட்டுப்பெட்டி: ஜனவரியில் புதுசு. இந்த சூட்டுப்பெட்டியை அடம்பிடித்து வாங்கினதே நீவெஸ்தான். முன்பெல்லாம் நைட்ரஜனிலிருந்து எடுத்த தட்டில் பனி பூத்து, உருகி, ஈரத்திட்டு படியும். ஹேர் ட்ரையரால் ஊதி, ஆல்கஹால் துணியால் ஊசி ஊசியாகத் துடைத்து, ஒரு தட்டுக்கு ஒரு மத்தியானமே போய்விடும். இப்போது எண்பது டிகிரிப் பெட்டியில் ஆறு மணி நேரம் போட்டால் காய்ந்து பளபளவென்று வருகிறது. நேராக எடுத்து மாட்ட வேண்டியதுதான்.

“நேத்து பதினஞ்ச நைட்ரஜன்ல முக்கவே இல்ல ஒர்னெல்லா,” என்றாள் நீவெஸ். “புதுசா எடுத்தேன். சுத்தமா துடைச்சு மாட்டினேன், பத்து. அப்படியே பெட்டியில ஆறு மணி நேரம். எடுத்து மாட்டினேன், ஏழு. அப்ப குளிர் இல்ல. பெட்டியோட சூடுதான்...”

“எண்ணூறு டிகிரில பொறந்த புள்ள எம்பதுல சாகுமா?” என்றான் லோரிஸ் வாசலிலிருந்து. “கேக்கறவன் கேனையனா இருந்தா...”

“அப்ப உன் புதுச் சுருள்தான்,” என்றார் ஒர்னெல்லா. “வேற என்ன மிச்சம் இருக்கு?”

“சுருள்ல ஒண்ணும் இல்ல ப்ரொஃபஸரம்மா. பதிமூணும் அதே சுருள்தான். அது பாஸாச்சே.”

“லோரிஸ், எனக்கு மார்ச் இருபது இருக்கு. இன்னும் பதிமூணு தட்டு வேணும். நாளைக்கு நாலு மணிக்கு உக்காந்து முடிவு பண்றோம். காரணம் தெரியலன்னா மீதிய வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துருவேன். உலைய அணைச்சுரலாம்.”

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். நின்றிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

லோரிஸின் ஒப்பந்தம் அந்த உலை எரிகிற வரைக்கும்தான். அணைந்தால் மச்சானோடு சேர்ந்து பால்கனிக்குக் கம்பி பற்றவைக்கப் போக வேண்டும். போன வருஷம் வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தான். மச்சானைப் பற்றி அவன் நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை.

“பதினொண்ணு நல்லா வந்துருக்குல்ல,” என்றான் கடைசியில். “நாளைக்கு அதச் சொல்லு. நீ சொன்னா அவங்க கேப்பாங்க. பாஸ் போட்ட கையெழுத்து உன்னுது.”

“சொல்றேன். அதத்தானே சொல்லப்போறேன். பதினொண்ணு சும்மாவா வரும்?”

“அந்தப் பதினால ஒருவாட்டி எடு. எங்க கசியுதுன்னு காட்டு. என் கண்ணால பாக்கணும்.”

அலமாரியிலிருந்து பதினாலாம் தட்டை எடுத்தாள். ஃபெயிலானதற்கு அடையாளமாகச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மாட்டி, பம்ப் ஓடவிட்டு, ஹீலியம் பீச்சினாள். மைனஸ் ஏழு. ஊசி வரிசையில் குழாயை மெதுவாக நகர்த்தி, மூன்றாம் வரிசை ஓரத்துக்கு வந்ததும் நம்பர் துள்ளியது.

“இங்கதான்.”

“எங்க?”

“இங்க.”

“இதா?” என்று லோரிஸ் குனிந்து, கட்டைவிரலை நேராக அந்தப் பீங்கான் குமிழின் கழுத்தில் வைத்துவிட்டான்.

சர்க்கரை விரல்! எண்ணெயும் மாவும் சர்க்கரையும் சேர்ந்து ஓர் அழகான கைரேகை, போலீஸ் ஸ்டேஷனில் பதிந்த மாதிரி.

“யோவ்!”

“தெரியாம...”

“கதவுல என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியுமா தெரியாதா? எட்டு வயசுப் புள்ளைக்குக்கூட...”

“செத்த தட்டுதானேம்மா. செத்தவனுக்குச் சர்க்கரை ஆகாதா என்ன?”

அவளுக்குக் கை தன்னால் போயிற்று. பம்பை நிறுத்தி, தட்டைக் கழற்றி, துணியில் ஆல்கஹால் நனைத்து, அந்தக் கழுத்தைச் சுற்றி, பக்கத்துக் கழுத்துகளைச் சுற்றி, ஊசி ஊசியாக, எண்ணெய் போகும்வரை துடைத்தாள். வாய் நிற்கவே இல்லை. லோரிஸின் விரல், லோரிஸின் வளர்ப்பு, கலானியைக் கண்டுபிடித்தவன், வெனேத்தோ மாகாணத்தில் இருக்கிற மொத்தக் கார்னிவல், ஒன்று பாக்கியில்லாமல் திட்டிக்கொண்டே துடைத்து, திட்டிக்கொண்டே மறுபடி மாட்டினாள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அதே இடத்தில் ஹீலியம் பீச்சினாள்.

மைனஸ் பத்து.

மறுபடி பீச்சினாள். மூன்றாம் வரிசை. ஓரம். அதே கழுத்து. குழாயை ஒட்டியே வைத்தாள். நம்பர் தூங்கிக்கொண்டிருந்தது.

“புண் ஆறிருச்சு!” என்று கத்தினான் லோரிஸ். “என் விரல் பட்டுச்சு, ஆறிருச்சு! நீவெஸ், என் விரல இன்ஷூர் பண்ணு! நாளைக்கு ப்ரொஃபஸரம்மா முன்னாடி எல்லாத் தட்டுக்கும் சர்க்கரை தடவிரலாம்!”

நீவெஸும் சிரித்துவிட்டாள். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. அது முகத்தில் இருக்கும்போதே கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

சிரிப்பு மெதுவாக இறங்கியது.

“சர்க்கரையைத்தான் நான் துடைச்சுட்டேனே,” என்றாள்.

“அதுக்கென்ன?”

“அப்ப அடைச்சது சர்க்கரை இல்ல.”

அவள் லோரிஸைப் பார்க்கவில்லை. வெள்ளைப்பலகையைப் பார்த்தாள். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது? ஆறு வாரமாக அந்தக் கேள்வியை எல்லாரும் தட்டைப் பார்த்துக் கேட்டார்கள், உலையைப் பார்த்துக் கேட்டார்கள், சுருளைப் பார்த்துக் கேட்டார்கள். அவளைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

தட்டைக் கழற்றிச் சூட்டுப்பெட்டியில் வைத்தாள். மணி ஒன்பதரை.

“மூணரைக்கு வா,” என்றாள்.

“என்ன ஆச்சு உனக்கு? முகம் ஏன் இப்படி...”

“மூணரைக்கு வான்னா வா.”

அந்த ஆறு மணி நேரம் அவள் சாப்பிடவில்லை. எதிரே காபி பாரில் ஒரு காபியை ஆர்டர் செய்து, அது ஆறி ஏடு கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே முகமூடி போட்ட பிள்ளைகள் வண்ணக் காகிதத்துண்டுகளை வாரி இறைத்துக்கொண்டு ஓடினார்கள். அவளுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. மயிரிழை விரிசலுக்குள் ஆல்கஹால் போனால் என்ன ஆகும்? மண்ணெண்ணெய் திரியில் ஏறுகிற மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்ளும். பம்ப் இழுத்தாலும் சீக்கிரத்தில் வராது. ஹீலியத்துக்கு வழி கிடையாது. மோப்பநாய் நுகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று படுத்துக்கொள்ளும். பெட்டியில் ஆறு மணி நேரம் சுட்டால்தான் அது ஆவியாகிப் போகும், வழி திறக்கும். எந்தத் தட்டானாலும் முக்குவதற்கு முன்னால் அவள் துடைத்துத்தான் மாட்டுவாள். அதனால் எல்லாமே முன்னால் பத்து. ஜனவரியிலிருந்து பெட்டிக்கு அப்புறம் துடைக்கவில்லை. அதனால்தான் உண்மை தெரிந்தது.

ஜனவரிக்கு முன்னால்? முன்னாலும் துடைத்தாள், பின்னாலும் துடைத்தாள். பதினொரு தட்டுகளையும். ஊசி ஊசியாக. அவள் அளவுக்குச் சுத்தமாக இந்த ஊரிலேயே யாரும் துடைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றரைக்குப் பதினாலு மைனஸ் ஏழு காட்டியது. லோரிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கழற்றித் துணியால் துடைத்தாள். மாட்டினாள். மைனஸ் பத்து.

லோரிஸ் முட்டாள் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“அப்ப என் தட்டு முக்குறதுக்கு முன்னாடியே...”

“முக்குறதுக்கு முன்னாடியே ஓட்டை. குளிரும் இல்ல, சூடும் இல்ல, சுருளும் இல்ல. உலையிலேர்ந்து வரும்போதே ஓட்டை. நான் அடைச்சு அடைச்சு பாஸ் போட்டிருக்கேன்.”

“அந்தப் பதினொண்ணு?”

“தெரியாது. அதான் பிரச்சினையே. சிலது நல்லதா இருக்கும். சிலது இருக்காது. எது எதுன்னு எனக்கும் தெரியாது, அந்தோணியாருக்கும் தெரியாது.”

அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

“ஆல்கஹால் எத்தனையில உறையும்?”

“மைனஸ் நூத்திப் பதினாலு. ஏன்?”

“ஆர்கான் நூத்தி எம்பத்தாறு. அப்ப தொட்டி நிரம்புனதும் உன் ஆல்கஹால் கல்லாயிரும். சிமெண்ட் பூசின மாதிரி. பத்து வருஷத்துக்கு அசையாது! பதினொண்ணயும் விடு, இந்த நாலையும் துடைச்சு அனுப்பு. யாருக்கு என்ன நஷ்டம்? நீவெஸ், நெஜமா யோசி. இது திருட்டுத்தனம் இல்ல. இது... இது புது டெக்னிக்!”

அரை நிமிஷம் அவளுக்கு அது உண்மையாகவே அழகாகத் தெரிந்தது. யோசித்தாள். பேனாவை எடுத்துக் கணக்கும் போட்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

“நிரப்புறதுக்கு முன்னாடி மூணு வாரம் தொட்டிய பம்ப் பண்ணுவோம். சூடு காட்டி. அதுலயே பறந்துரும். அப்படியே இருந்தாலும் தட்டு ஆர்கானுக்குள்ள இல்லயே. தொட்டித் தலைல, வெளிய கூடத்துல இருக்கு, உன்னையும் என்னையும் மாதிரி வெதுவெதுன்னு. உறையாது.”

“ஒரு சான்ஸ்கூட இல்லயா?”

“இருந்தா உனக்கு முன்னாடி நான் துடைச்சிருப்பேன்.”

லோரிஸ் வாசலுக்குப் போய்க் கலானிப் பெட்டியை மூடினான். “நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பதினொண்ணுதான். அதையும் நீயே கொன்னுராத.”

“நான் எங்க கொல்றேன்? செத்துக் கிடந்ததுக்குப் பவுடர் போட்டு உக்கார வெச்சிருக்கேன், அவ்வளவுதான்.”

“உன்ன யாராச்சும் கேட்டாங்களா? யாரும் கேக்கல. சொல்லாம இருந்தா...”

“மே மாசம் தொட்டி குருடாகும். அப்ப கேப்பாங்க.”

“மே மாசம் வரைக்குமாவது எனக்கு வேலை இருக்கும்ல,” என்றான் அவன், சிரிப்பே இல்லாமல். கதவைச் சாத்தாமல் போனான். அவன் எப்போதும் சாத்திவிட்டுத்தான் போவான்.

மறுநாள், வெள்ளிக்கிழமை நாலு மணி. ஒர்னெல்லாவின் அறையில் மூன்று நாற்காலிகள், ஒன்றில் காகிதக் குவியல். லோரிஸ் நின்றுகொண்டான். நீவெஸ் உட்காராமலே ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள். துணி, பெட்டி, பதினாலு இரண்டு தடவை ஏழாகிப் பத்தானது, பதினொன்று.

ஒர்னெல்லா பேனாவை மூடி வைத்தார்.

“எழுநூத்தி நாலு கம்பி, நீவெஸ்,” என்றார், மிக மெதுவாக. அப்புறம் மெதுவாக இல்லை. “எழுநூத்தி நாலு! ஒவ்வொண்ணா கோத்தாங்க! மூணு பேர், தலைகீழாத் தொங்கி, ஏழு வாரம்! நான் இப்ப அவங்ககிட்ட போய் என்ன சொல்ல? ‘எங்க ஆளு ரொம்பச் சுத்தம், அதனால எல்லாத்தையும் கழட்டுங்க’ன்னா?”

“கழட்ட வேண்டாம். தட்டு ரெண்டடுக்குதானே, நடுவுல பம்ப் மாட்ட ஒரு வாய் இருக்கு. வெளியிலேர்ந்து சூட்டுநாடா சுத்தி, ஒரு நாள் முழுக்கச் சூடு காட்டி, அந்த வாய்லயே மோப்பம் பிடிக்கலாம். கசியறத மட்டும் கழட்டினாப் போதும். ஒண்ணுக்கு ரெண்டு நாள்.”

“பதினொண்ணுக்கு?”

“மூணு வாரம்.”

“மார்ச் இருபது போச்சு.”

“போச்சு.”

ஒர்னெல்லா லோரிஸ் பக்கம் திரும்பினார். “அப்ப உன் பற்றவைப்பு முதல் நாள்லேர்ந்தே ஓட்டையா? அக்டோபர்லேர்ந்தே?”

லோரிஸ் ஒரு நாள் முழுக்க அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் வெடித்தது.

“பன்னெண்டு மணி நேரம் ஆறணும்னு சொன்னேனா இல்லயா? பீங்கான் ஒரு மாதிரி சுருங்கும், எஃகு ஒரு மாதிரி சுருங்கும், உலைக்குள்ளயே மெதுவா விடணும்னு செப்டம்பர்லயே சொன்னேனா இல்லயா? எட்டு மணி நேரம் போதும், ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தலாம்னு சொன்னது யாரு?”

“நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

“மெயில் இருக்கு.”

“இருக்காது.”

“தேடுங்க ப்ரொஃபஸரம்மா. நான் நிக்கிறேன்.”

தேடினார். நீவெஸ் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை, அதனால் பார்ப்பது சுலபமாக இருந்தது. ஒர்னெல்லாவின் விரல் நின்றது. உதடு அசையப் படித்தார்.

“‘எட்டு மணி நேரம் போதாதா?’ன்னுதான் இருக்கு. கேள்விதானே கேட்டிருக்கேன்.”

“தலைவர் கேட்டா அது கேள்வியா?” என்றான் லோரிஸ்.

ஒர்னெல்லா மெயிலை மூடினார். வெளிக் கம்பெனிக்காரர்கள் எப்படியும் ஜூனுக்கு முன்னால் தரமுடியாது என்று எழுதியிருக்கிறார்கள், ஆகவே உலை இருக்கட்டும், இனி பன்னிரண்டு மணி நேரம், என்றார். மன்னிப்பு மாதிரி இல்லை. தண்டனை மாதிரியும் இல்லை. எல்லாரும் அவரவர் கோபத்தை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த மூன்று வாரம் நீவெஸ் தொட்டியின் தலையில்தான் குடியிருந்தாள். முதல் தட்டு, சூட்டுநாடா, ஒரு நாள், மோப்பம்: மைனஸ் பத்து. கும்பிட்டாள். இரண்டாவது: மைனஸ் ஏழு. மூன்றாவது: மைனஸ் ஏழு. நாலாவது நல்லது. இப்படியே ஏறி இறங்கி, பதினொன்றில் ஐந்து கசிந்தன. ஒவ்வொரு ஏழுக்கும் கீழே நின்ற கம்பிக்காரர்கள் மூவரும் அண்ணாந்து பார்ப்பார்கள், இவள் விரலைக் காட்டுவாள், அவர்கள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஏணியை எடுப்பார்கள். ஐந்து தடவையும் அதே கெட்ட வார்த்தைதான். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

பன்னிரண்டு மணி நேரம் ஆறிய பதினேழும் பதினெட்டும் பத்தொன்பதும், துணி படாமல், பெட்டியிலிருந்து நேராக வந்து மைனஸ் பத்தில் நின்றன. லோரிஸ் ஒவ்வொன்றுக்கும் விசில் அடித்தான். ஆனாலும் நீவெஸுக்குச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. இப்போதெல்லாம் ஒரு பத்தைப் பார்த்தால் அதை நம்புவதற்கு முன்னால் தன் கையைப் பார்த்துக்கொள்கிறாள்.

நிரப்புகிற நாள் ஈஸ்டருக்கு அப்புறம், மே மாதத்துக்குப் போய்விட்டது. அதற்கு அறிக்கை எழுத வேண்டும். அறிக்கைப் படிவத்தில் “தாமதத்தின் காரணம்” என்று ஒரு கட்டம். ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். இரண்டாவது காரணம் எழுதினால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. மூன்று பேரும் திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

“பற்றவைப்புக் கோளாறு,” என்றார் ஒர்னெல்லா. “எட்டுல ஆறாதுன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பத்தவெச்சிருக்கான். முடியாதுன்னு சொல்லியிருக்கணும்.”

“அவசரம்,” என்றான் லோரிஸ். “அவசரம்னு எழுதுங்க. என் கை அதே கைதான். பன்னெண்டு மணி நேரம் கொடுத்தீங்க, இப்ப பாருங்க.”

“துணி,” என்றாள் நீவெஸ்.

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவங்க அவசரப்படுத்துனாங்க, இவன் பத்தவெச்சான், சரி. நான் மட்டும் துடைக்காம இருந்திருந்தா அக்டோபர்ல முதல் ஓட்டையிலேயே தெரிஞ்சிருக்கும். ஒரு தட்டோட போயிருக்கும். மெயிலும் அன்னைக்கே வெளிய வந்திருக்கும்.”

“ஓட்டை போட்டவன் நான்,” என்றான் லோரிஸ், எதற்கென்றே தெரியாமல் கோபமாக. “நீ எதுக்கு நடுவுல வர்ற?”

“ஓட்டைய மறைச்சவ நான்.”

“வேணும்னா மறைச்ச? சுத்தம் பண்ணுன!”

ஒர்னெல்லா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். கட்டத்தில் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. அறிக்கை போக வேண்டிய நாள் நாளைக்கு. மூவரும் காபிக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி அதே சண்டை. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரம்வரை அந்தக் கட்டம் காலிதான். நீங்களே சொல்லுங்கள், அந்த ஒற்றை வரியில் நீங்களாக இருந்தால் எதை எழுதுவீர்கள்: அவசரமா, பற்றவைப்பா, துணியா?